பொருள்: வெள்ளி நகை மாலை வகுப்பில் கடைசிவரை எங்களை மோதிரம் பற்றவைக்க விடாதது குறித்துப் புகார்

பயிற்சிப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனம் நடத்திய 8 வார வெள்ளி நகைப் பயிற்சியில் வியாழக்கிழமை மாலை வகுப்பில் படித்தவன் நான். போன வாரம் பயிற்சி முடிந்தது. ஆளுக்கொரு மோதிரமும் சான்றிதழும் கொடுத்தீர்கள். என் சான்றிதழில், 'தன் கையாலேயே வெள்ளி மோதிரம் செய்து முடித்தார்' என்று அச்சடித்திருக்கிறது. அது உண்மையில்லை. அந்த மோதிரத்தைப் பற்றவைத்தது, அதாவது முனைகளைச் சுடரில் சூடாக்கி ஒட்டியது, நானில்லை. வகுப்பில் இருந்த 16 பேரில் ஒருவர்கூடத் தன் மோதிரத்தைத் தானே பற்றவைக்கவில்லை.

முதல் இரண்டு வாரங்களைக் குறை சொல்ல மாட்டேன். ரம்பத்தில் பிளேடை எப்படிப் பூட்டுவது, பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும், கையை அழுத்தாமல் மேலும் கீழும் சீராக விட வேண்டும் என்று ஆசிரியர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். முதல் நாள் மட்டும் ஒன்பது பிளேடு உடைத்தேன். மூன்றாம் வாரம் ஒன்றே ஒன்றுதான் உடைந்தது. பகலெல்லாம் திரையைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த முன்னேற்றம் எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று சொல்லி முடியாது. ஆசிரியர் மீது எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. 10 பேர்தான் என்று விளம்பரம் செய்துவிட்டு 16 பேரைச் சேர்த்து, ஒரே ஒரு கேஸ் டார்ச்சோடு அவரை நிறுத்தியது நீங்கள்.

ஐந்தாவது வாரம்தான் பற்றவைப்பு. அதற்காக நான் நான்கு வாரம் காத்திருந்தேன். மோதிரத்தின் இரண்டு முனையையும் அரத்தால் தேய்த்து, சேர்த்து வைத்து விளக்குக்கு நேராகப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரியாத அளவுக்குக் கொண்டுவந்திருந்தேன். இடைவெளி இருந்தால், உருகி முனைகளை ஒட்டவைக்கிற உலோகக் கலவையான பற்றாசு அதை நிரப்பாது என்று ஆசிரியர் சொல்லியிருந்ததால் அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவழித்தேன். பற்றாசு நன்றாக ஓடுவதற்கான வெங்காரக் குழம்பு தடவி, பற்றாசுத் துண்டை இணைப்பின் மேல் வைத்ததும் நான்தான். என் முறை வந்தபோது மணி எட்டரை. உங்கள் உதவியாளர் வந்து, 'நேரமாகிவிட்டது, எல்லாவற்றையும் சாரே பற்றவைத்துக் கொடுத்துவிடுவார்' என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் எல்லா மோதிரமும் பற்றவைத்துத் தயாராக மேசையில் இருந்தன. அப்புறம் தேய்த்து மெருகேற்றியதோடு பயிற்சி முடிந்தது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு) ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கிவிடும். நாங்கள் வைத்த, அதிகச் சூட்டில் உருகும் வகைப் பற்றாசு உருகி ஓடுவதோ 750-க்கு மேல்தான். இரண்டுக்கும் நடுவே இருப்பது கொஞ்சம் இடம். வெப்பத்தை வெள்ளி அளவுக்கு வேகமாகக் கடத்துகிற உலோகம் வேறில்லை. அதனால் இணைப்பில் மட்டும் சுடரைக் காட்டிப் பயனில்லை, மோதிரம் முழுவதையும் சுற்றிச் சுற்றிச் சூடாக்க வேண்டும். வெங்காரம் முதலில் பொங்கி, பிறகு அடங்கிக் கண்ணாடி மாதிரி ஆகும். அடுத்து இணைப்பில் பளிச்சென்று ஒரு வெள்ளிக்கோடு ஓடும். அந்த நொடியில் சுடரை விலக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் ஒட்டாது, தாமதித்தால் மோதிரமே குழைந்துவிடும். இதை எந்தப் புத்தகமும் கையில் கொடுக்காது. நாலு மோதிரத்தைக் கெடுத்துத்தான் பழக வேண்டும். நான் பணம் கட்டியது அப்படிக் கெடுத்துப் பார்க்கத்தான்.

இதோடு இன்னும் சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். வளைப்பதற்காகத் தகட்டைச் சூடாக்கி மென்மையாக்கும்போது 600 டிகிரியைத் தாண்டியதும் அது மங்கலான சிவப்பாக மாறும், அங்கே நிறுத்த வேண்டும். ஆனால் அந்தச் சிவப்பு இருட்டில்தான் கண்ணுக்குத் தெரியும். உங்கள் கூடத்திலோ எல்லாக் குழல்விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. விளக்கை அணைக்கலாமா என்று இரண்டு முறை கேட்டோம், மற்ற வகுப்புக்கு இடைஞ்சல் என்றார்கள். இரண்டு பேருடைய தகடு சுருங்கி ஓரம் உருகிப்போனது. புதுத் தகட்டுக்கு அவர்களிடமே மறுபடி பணம் வாங்கினீர்கள்.

சூடாக்கியதில் படிந்த கறையை நீக்கும் அமிலக் கரைசலில் இருந்து எடுத்தபோது எங்கள் எல்லோருடைய வெள்ளியும் செம்பு நிறமாகிவிட்டது. 'நீங்கள் சரியாகக் கழுவவில்லை' என்றார் உதவியாளர். காரணம் அதுவல்ல. யாரோ இரும்பு இடுக்கியை அதற்குள் விட்டிருக்கிறார்கள். பழைய கரைசலில் ஏற்கெனவே செம்பு கரைந்திருக்கும், இரும்பு பட்டதும் அது வெள்ளியின் மேல் படிந்துவிடும். செம்பு இடுக்கியோ பிளாஸ்டிக் இடுக்கியோ வைத்திருந்தால் போதும். அந்தச் செம்பைத் தேய்த்து எடுப்பதற்குள், நான் சுத்தியலால் தட்டித் தட்டி உண்டாக்கிய சொரசொரப்பு பாதி போய்விட்டது.

எனக்கு மிகவும் கவலை தருவது பற்றாசு. அது ஒரு பழைய டப்பாவில் பெயர்ச்சீட்டு இல்லாமல் இருந்தது. இதில் நச்சு உலோகமான காட்மியம் இருக்கிறதா என்று கேட்டேன். 'எல்லாம் வெள்ளிப் பற்றாசுதான்' என்பதுதான் பதில். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதாவது நாம் பற்றவைக்கிற அதே சூட்டில். அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோய் உண்டாக்கும். சுவாசித்த உடனே ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதில் காட்மியம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று உங்களால் காட்ட முடியவில்லை என்றுதான் சொல்கிறேன். புகை வெளியேற ஒரு விசிறிகூட இல்லாத அந்த அறையில் 16 மோதிரத்தையும் தனியாக உட்கார்ந்து பற்றவைத்தவர் அந்த ஆசிரியர்.

நான் கேட்பது இவ்வளவுதான். எங்கள் வகுப்புக்கு இரண்டு மாலை கூடுதலாகப் பற்றவைப்பு நடத்துங்கள். ஒரு டார்ச்சுக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம், அதற்குத் தனிக் கட்டணமும் வேண்டாம். தகடு உருகிப்போன இரண்டு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பற்றாசில் என்னென்ன இருக்கிறது என்று விற்றவரிடம் எழுதி வாங்கி எங்களுக்குக் காட்டுங்கள். அதுவரை அந்த டப்பாவை யாரும் தொட வேண்டாம், முக்கியமாக ஆசிரியர். ஆளுக்கு இத்தனை கிராம் என்று எடை போட்டுக் காசு வாங்கிய வெள்ளியில், வெட்டிய துண்டுகளும் அரப்பொடியும் எங்களுடையவை. அவற்றையும் கொடுத்துவிடுங்கள்.

சான்றிதழை இதோடு திருப்பி அனுப்புகிறேன். மோதிரத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். நீங்கள் நாள் சொன்னால், இணைப்பிலேயே ரம்பத்தால் அறுத்து, முனைகளை மறுபடி தேய்த்து எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
வியாழக்கிழமை மாலை வகுப்பு மாணவன்