இரண்டாம் பருவ நிறைவும் ஓவியக் கண்காட்சியும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவுற்றது. மழை விடுமுறையால் விடுபட்ட பாடங்கள் சனிக்கிழமை வகுப்புகளில் முடிக்கப்பட்டன. கலைத் திருவிழாவிலும் வட்டார விளையாட்டுப் போட்டிகளிலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றுள்ளனர். திருத்தப்பட்ட விடைத்தாள்கள் வகுப்பாசிரியர்களிடம் உள்ளன. உழைத்த ஆசிரியர்கள், மாணவர்கள் அனைவருக்கும் என் பாராட்டுகள்.

பருவ இறுதியில் நடந்த ஓவியக் கண்காட்சியைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களை இப்பருவத் தொடக்கத்தில் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் சென்றதை அறிவீர்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தும் அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலுக்குள் ஒருமுறையும் போயிராத பிள்ளைகளே அவர்களுள் அதிகம். அங்கே கருவறைக்கு முன்னுள்ள அர்த்த மண்டபத்தின் மேற்கூரையில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. மொட்டும் மலரும் இலையுமாக நிறைந்த அக்குளத்தில் மீன்கள் நீந்துகின்றன, யானைகளும் எருமைகளும் இறங்கியிருக்கின்றன, ஆடவர் சிலர் பூப்பறிக்கின்றனர். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண் என்று அன்றைய ஓவியர்கள் பயன்படுத்திய பொருள்களை எங்கள் ஓவிய ஆசிரியர் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர் அண்ணாந்து பார்த்தபடியே, "டீச்சர், எங்க கண்மாய்லயும் எருமை இப்படித்தான் நிக்கும்" என்றார்.

அந்த மாணவி கண்காட்சிக்கு வரைந்து தந்தது தம் ஊர்க் கண்மாயைத்தான். கழுத்தளவு நீரில் எருமை, அதன் முதுகில் ஒரு கொக்கு, கரையில் சாய்ந்த மின்கம்பம். நீருக்கு ஏன் நீலம் பூசவில்லை என்று பார்வையாளர் ஒருவர் கேட்டதற்கு, மழை பெய்த மறுவாரம் கண்மாய்த் தண்ணீர் செம்மண் நிறமாகத்தான் இருக்கும் என்றும், அந்த நிறம் வரக் கரையின் மண்ணையே கரைத்துப் பூசியதாகவும் தயங்காமல் பதில் சொன்னார். எருமையின் கால்கள் அளவு பிசகியிருந்தன என்பது உண்மையே. ஆனால் அவ்வளவு நேரம் ஓர் ஓவியத்தின் முன்னால் நான் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன.

எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் அய்யனார் கோயில் குதிரையை மண்ணில் செய்திருந்தார். அய்யனாருக்கு மண்குதிரை எடுத்துச் செல்லும் புரவியெடுப்பு விழாவுக்காக வேளார் எனும் குயவர் குதிரை வனைவதை அருகில் அமர்ந்து பார்த்தவர் என்பதால், கால்களைக் குழல்போல் உள்ளீடற்றதாகச் செய்து, உடம்பை அதன்மேல் சிறிது சிறிதாக எழுப்பி, சூளையில் வெடிக்காமலிருக்க வயிற்றில் துளையும் விட்டிருந்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மஞ்சள்பொடியில் சுண்ணாம்பு சேர்த்துச் சிவப்பாக்கி வரைந்த கோலங்களும் அதே மேசையில் இருந்தன.

இனி, இக்கடிதத்தை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

வீட்டில் வரைந்து கொண்டுவரச் சொன்ன படங்களுள் கணிசமானவை பிள்ளைகள் வரைந்தவை அல்ல. பனி மூடிய இரண்டு மலைகள், நடுவே சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை என்று ஒரே காட்சி, ஒரே நிற அடுக்கில், வெவ்வேறு வகுப்புகளிலிருந்து ஏழு வந்தன. கைப்பேசியில் காணொளி பார்த்துப் பெரியவர்கள் வரைந்தவை என்பது பின்னர் தெரிந்தது. கடையில் பணம் கொடுத்துச் செய்து வாங்கிய தெர்மாகோல் மாதிரிகளும் இருந்தன. பிள்ளையின் கோட்டின்மீதே பெரியவர் கை ஓடியிருந்த படங்களைப் பார்த்தபோது கூடுதலாக வருந்தினேன், ஏனெனில் அடியில் பிள்ளையின் கோடு இன்னும் தெரிந்தது, அது நன்றாகவே இருந்தது.

கண்காட்சியன்று நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடம், "இந்த ஊதா நிறத்தை எப்படிக் கலந்தாய்?" என்று விருந்தினர் ஆசையாகக் கேட்டார். பிள்ளை திரும்பித் தாயைப் பார்த்தது, பிறகு தலையைக் குனிந்துகொண்டது. அன்று மாலைவரை அது தன் படத்தின் அருகே வரவே இல்லை. எந்தப் பெற்றோரையும் சுட்டுவதற்காக இதை எழுதவில்லை. உங்கள் எண்ணம் பிள்ளை சபையில் குறைந்துவிடக் கூடாது என்பதுதான் என்று நான் நன்கு அறிவேன். இதில் எங்கள் தவறும் உண்டு. ஓவிய ஆசிரியர் வாரத்தில் மூன்று அரை நாள்களே வருகிறார் என்பதால் வேலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கூடவே பரிசும் அறிவித்தோம். பரிசு என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளையைவிட நாம் பதறினோம்.

ஆயினும் சில முடிவுகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்டு விழாக் கண்காட்சிக்கு வகுப்பறையில், ஆசிரியர் முன்னிலையில் உருவான படைப்புகள் மட்டுமே ஏற்கப்படும். வீட்டிலிருந்து வரும் படங்களும் மாதிரிகளும், யார் கேட்டுக்கொண்டாலும், காட்சிக்கு வைக்கப்படமாட்டா. முதல், இரண்டாம் பரிசுகள் இனி இல்லை. பரிசு கிடைக்கவில்லை என்று கண்காட்சி அரங்கில் ஓவிய ஆசிரியரிடம், பிள்ளைகள் பார்த்திருக்க, குரல் உயர்த்திப் பேசிய நிகழ்வு மீண்டும் நடைபெறுவதை இப்பள்ளி அனுமதிக்காது. குறையிருந்தால் என் அறைக்கு வாருங்கள், அமர்ந்து பேசுவோம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதில் தூரிகை பிடிப்பது மட்டும் சேராது. வயலுக்கோ சந்தைக்கோ போகும்போது பிள்ளையையும் அழைத்துச் சென்று, அது நின்று பார்க்கும் இடத்தில் நீங்களும் ஒரு நிமிடம் நில்லுங்கள். வண்ணம் அப்பிய தரையைப் பார்த்துக் கோபப்படாமல் பழைய செய்தித்தாளை விரித்துக் கொடுங்கள். யானை யானைபோல் இல்லையே என்று சொல்வதற்குப் பதில், அது எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். சித்தன்னவாசல் இங்கிருந்து தொலைவில்லை. பொங்கல் விடுமுறையில் குடும்பத்துடன் ஒருமுறை சென்று வாருங்கள், அங்கே முன்பே போய்வந்த பிள்ளையை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள்.

கண்காட்சிக்கு வண்டி நிறையக் களிமண் கொண்டுவந்து இறக்கிய தந்தைக்கும், இரண்டு நாள்களும் கயிறு கட்டி, படம் மாட்டி, மழைச்சாரலில் தார்ப்பாயைப் பிடித்து நின்ற பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களுக்கும், தினக்கூலியை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வந்து தம் பிள்ளையின் படத்தைப் பார்த்துச் சென்ற ஒவ்வொருவருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

படங்களை வரும் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு மேல் வகுப்பாசிரியர்களிடம் பெற்றுக்கொள்ளலாம். கண்மாய் ஓவியத்தை மட்டும் அந்த மாணவியிடம் கேட்டு, அலுவலக அறையில் மாட்டியிருக்கிறேன். படம் வாங்க வரும்போது அதையும் பார்த்துச் செல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்