பள்ளிப் பிரதிநிதியாகிவிட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன செய்தி இன்னும் காதிலேயே இருக்கிறது. உன் பள்ளி ஆசிரியர்கள் உன்னைச் சங்கப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சந்தோஷத்தில் எனக்கு அப்போது சரியாகப் பேச வரவில்லை. நீ கேட்டதற்கும் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். "வருஷத்துக்கு ரெண்டு கூட்டம், ஒரு ஆர்ப்பாட்டம், அவ்வளவுதானேம்மா?" என்று கேட்டாய். இல்லை கண்ணு. அது போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிளைச் செயலாளராக 22 வருஷம் இருந்தேன். வேலைநிறுத்தம் செய்த நாட்களை எண்ணினால் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். மற்ற நாளெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவரோடு உட்கார்ந்து பேசினேன், மனு எழுதினேன், நகல் எடுத்து ஃபைலில் கோத்தேன். பயந்துபோன ஒரு ஆசிரியரைத் தனியாக விட்டுவிடாமல் இருப்பதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி. மீதியெல்லாம் அதற்கான ஏற்பாடு.

பள்ளி திறந்ததும் முதல் வேலை சந்தா. உனக்கு நினைவிருக்கும், என் ரசீது புத்தகத்தில் கார்பன் தாளை நீதான் செருகித் தருவாய். நீலப் பக்கம் கீழே பார்த்து இருக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்ததை நீ பொம்மைக்குச் சொல்லிக்கொடுப்பாய். இப்போது பல இடங்களில் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். வசதிதான். இருந்தாலும் முதல் மாதம் நீ ஒவ்வொருவரிடமும் நேரில் போ. ரசீது எழுதுகிற அந்த 5 நிமிஷத்தில்தான் ஆட்கள் வாய் திறப்பார்கள். "ஒண்ணுமில்ல, சும்மா கேக்கிறேன்" என்று ஆரம்பிப்பார்கள். மருத்துவ விடுப்பு எடுத்த மாதத்துச் சம்பளம் இன்னும் வரவில்லை என்பதோ, பணிப்பதிவேட்டில் பிறந்த தேதி தப்பாக ஏறியிருக்கிறது என்பதோ அதற்குப் பிறகுதான் வரும். பிறந்த தேதியை ஓய்வு பெறப்போகிற வருஷம் கண்டுபிடித்தால் அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. இப்போதே தெரிந்தால் ஒரு மனுவில் முடிந்துவிடும். யார் என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே தேதி போட்டு எழுதி வை.

ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்களை விட்டுவிடாதே. அவர்கள் உறுப்பினர் இல்லை, நமக்கென்ன என்று சொல்கிறவர்கள் ஸ்டாஃப் ரூமில் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள். அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாமல் பாடம் நடத்துகிறவரைவிடச் சங்கம் யாருக்குத் தேவை? அவரைச் சேர்க்கச் சங்க விதி இடம் தராவிட்டால், விதியை மாற்றப் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவா. நான் 2 வருஷம் தோற்று மூன்றாம் வருஷம் ஜெயித்தேன்.

அப்புறம் கால அட்டவணை. அதில் வருகிற மனக்கசப்பு சம்பளத்தில்கூட வராது. வருஷா வருஷம் கடைசிப் பீரியடெல்லாம் ஒருவர் தலையிலேயே விழும். விடுப்பில் போனவரின் வகுப்பை எப்போதும் ஒரே ஆள் பார்க்க வேண்டியிருக்கும். இதைத் தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோகும்போது புலம்பலாகக் கொண்டுபோகாதே. 4 வாரத்துக்கு யார் யாருக்கு எத்தனை பதிலி வகுப்பு விழுந்தது என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடு. பெரும்பாலும் அவருக்கே அது தெரிந்திருக்காது. எங்கள் பள்ளியில் அந்தக் கட்டத்தைப் பார்த்த தலைமை ஆசிரியர் அன்று சாயங்காலமே அட்டவணையைத் திருத்தினார்.

இப்படிப் பேசப் போகும்போது கையில் வைத்துக்கொள்ள ஒரு ஆவணம் இருக்கிறது. 1966 அக்டோபர் 5 அன்று பாரிஸில் ஆசிரியர்களின் நிலை பற்றி ஒரு பரிந்துரையை ஏற்றார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து கொண்டுவந்தது. 1994 முதல் உலக ஆசிரியர் நாளை அந்தத் தேதியில் கொண்டாடுவது அதனால்தான். மொத்தம் 146 பத்திகள். சட்டம்போல எந்த அரசையும் அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் மேஜையில் எடுத்து வைத்தால் எதிரில் இருப்பவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். வேலை நேரத்தைக் கணக்கிடும்போது வகுப்பில் நிற்கிற நேரத்தை மட்டும் பார்க்கக் கூடாது, பாடம் தயாரிக்க, விடைத்தாள் திருத்த, பெற்றோரிடம் பேச ஆகிற நேரமும் சேர வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கவனிக்க முடிகிற அளவில் வகுப்பு இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. சங்கம் பிள்ளைகளுக்கு எதிரானது என்று யாராவது சொன்னால் நான் அந்த இடத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன். என் கோரிக்கையும் அந்தக் கடைசி பெஞ்சுப் பிள்ளையின் தேவையும் ஒன்றுதான்.

இப்போது சொல்லப்போவதை உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

நான் செயலாளராகி மூன்றாம் வருஷம். எங்கள் கிளையில் ஒரு ஆசிரியைக்கு மெமோ வந்தது. மதிப்பெண் பதிவேட்டில் திருத்தம் இருக்கிறது, விளக்கம் தர வேண்டும் என்று. மறுநாள் காலை 10 மணிக்கு விசாரணை. முதல் நாள் சாயங்காலமே என்னைத் தேடி வந்து, "நீங்க கூட வர முடியுமா டீச்சர்?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்கு 2 கட்டு விடைத்தாள் பாக்கி. திருத்தம் அவர் செய்ததில்லை என்பது பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும், கையெழுத்தே வேறு. "உள்ளதைச் சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது" என்று தைரியம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர் போனார். எதிரில் 3 பேர். ஒரு தாளை நீட்டி, வழக்கமான படிவம்தான், கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போகலாம் என்றார்களாம். போட்டுவிட்டார். அந்தத் தாளில் "என் கவனக்குறைவால் நேர்ந்தது" என்று ஒரு வரி இருந்தது. அது பணிப்பதிவேட்டில் ஏறியது. அந்த வருஷ ஊதிய உயர்வு நின்றது. மேல்முறையீடு செய்து அதை ரத்து செய்ய 2 வருஷம் ஆனது. நிலுவைப் பணம் வந்துவிட்டது. ஆனால் அந்த 2 வருஷமும் இடைவேளையில் அவர் யாரோடும் பேசாமல் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்ததை நான் தினமும் பார்த்தேன். என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நான் கூடப் போயிருந்தால் அந்தக் கையெழுத்து விழுந்திருக்காது.

அதற்குப் பிறகு யாரையும் நான் தனியாக அனுப்பியதே இல்லை. உள்ளே போய் நான் பெரிதாக வாதாடவும் மாட்டேன். பக்கத்து நாற்காலியில் உட்காருவேன், தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைப்பேன், நோட்டைத் திறந்து தேதியும் நேரமும் எழுதுவேன். பேனா மூடியைக் கழற்றியதுமே அறையில் பேச்சின் தொனி மாறுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கேட்பது சில விஷயங்கள்தான். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள். ஆதாரத்தை முழுசாகக் காட்டுங்கள். பதில் தயாரிக்க அவகாசம் வேண்டும். முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் சொல்லுங்கள். இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்ததில்லை. 1966 பரிந்துரையின் 50ஆம் பத்தியில் அப்படியே இருக்கிறது, தான் தேர்ந்தெடுத்த பிரதிநிதியை வைத்துக்கொள்ளும் உரிமையும் மேல்முறையீட்டு உரிமையும் சேர்த்து. அந்தப் பத்தியைத் தனியாக நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொள். உங்கள் பணிவிதிகளில் விசாரணை பற்றிய பகுதியையும் இந்த வாரமே படித்துவிடு. நடுங்குகிற கையோடு ஒருவர் வந்து நிற்கும்போது பக்கம் தேட முடியாது. அந்த அறையில் எந்தத் தாளிலும் உடனே கையெழுத்துப் போட விடாதே. "நகல் கொடுங்க, படிச்சுட்டு நாளைக்குத் தர்றோம்" என்று சொன்னால் போதும்.

தப்பு செய்தவர் வந்தால் என்ன செய்வது என்று நீ கேட்பாய். வருவார்கள். ஒரு பையனை அடித்துவிட்டு என்னிடம் வந்த ஆசிரியர் உண்டு. விசாரணை முறையாக நடக்கிறதா என்று பார்க்கக் கூட வருவேன், ஆனால் அடித்ததை மறைக்க ஒரு வரி எழுத மாட்டேன், அந்தப் பையன் சொல்வதை முதலில் கேட்க வேண்டும் என்று நானே சொல்வேன் என்றேன். கோபத்தில் சங்கத்தை விட்டே போய்விட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. நியாயமான விசாரணை எல்லோருக்கும் உரியது, பிள்ளை மேல் கை வைக்க யாருக்கும் உரிமையில்லை. இந்த இரண்டில் ஒன்றைக்கூட நீ விட்டுக்கொடுக்கக் கூடாது.

தேர்வுக் காலம் பற்றி எழுத அதிகமில்லை. கண்காணிப்புப் பணி, விடைத்தாள் திருத்துகிற பணி யாருக்கு எங்கே என்ற பட்டியல் வந்ததும் கர்ப்பிணிகள், உடம்பு முடியாதவர்கள் பெயரை முதலில் பார். அவர்களுக்காக அன்றைக்கே பேசு.

பணம் இல்லை என்று உன்னிடம் சொல்வார்கள். உடனே நம்பவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம். கணக்கைக் கேட்டு வாங்கிப் படி. அமெரிக்காவில், சிகாகோவில் 1897இல் ஆரம்பித்த ஆசிரியர் கூட்டமைப்பில் பெரும்பாலும் தொடக்கப் பள்ளிப் பெண் ஆசிரியர்கள்தான். தருவதாகச் சொன்ன சம்பள உயர்வைப் பணமில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மார்கரெட் ஹேலி, கேத்தரின் காகின் என்ற இரண்டு ஆசிரியைகள் வரிக் கணக்குகளைத் தோண்டினார்கள். டிராம், எரிவாயு, மின்சார நிறுவனங்கள் தங்கள் உரிமங்களுக்குக் கட்ட வேண்டிய வரியைக் கட்டவே இல்லை என்று வெளிவந்தது. நீதிமன்றம் போனார்கள். 1901இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த நாட்டில் பெண்களுக்கு நாடு முழுக்க வாக்குரிமை வந்ததே 1920இல்தான். முழு ஓட்டுரிமை இல்லாத காலத்தில் கணக்குப் புத்தகத்தைப் படித்தே ஜெயித்திருக்கிறார்கள். அலுப்பு தட்டுகிற நாளில் நான் அவர்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

வேலைநிறுத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேசித் தீர்க்கிற வழியெல்லாம் அடைபட்ட பிறகு, மற்ற அமைப்புகளுக்கு உள்ள நடவடிக்கை உரிமை ஆசிரியர் அமைப்புகளுக்கும் உண்டு என்று அதே பரிந்துரை சொல்கிறது. அந்த நாள் வந்தால் முன்னால் நில். ஆனால் அதற்கு முன்பே பெற்றோரிடம் போ. எதற்காக என்பதை நம் வாயாலேயே சொல்ல வேண்டும். ஒரு தடவை நாங்கள் அதைச் செய்யத் தவறினோம். வாசலில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா, "இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லைன்னு நேத்தே சொல்லியிருந்தா நான் வேலைக்குப் போற வழியில இவனை எங்கேயாவது விட்டிருப்பேனே" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த தடவை ஒரு வாரம் முன்பே வீடு வீடாகப் போனோம். அந்த அம்மாவும் எங்களோடு வந்து நின்றார்.

வருஷக் கடைசியில் வரவு செலவு. தணிக்கை முடிந்த கணக்கைப் பொதுக்குழுவில் வாசிக்காமல் வருஷத்தை மூடாதே. ஒரு ரசீது தொலைந்தாலும் தொலைந்தது என்று நீயே முதலில் சொல்லிவிடு. 10 வருஷ நல்ல பெயர் அந்தக் கணக்கில்தான் நிற்கும். தோற்ற தீர்மானத்தையும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுது, எதிர்த்தவர்கள் சொன்ன காரணத்தோடு.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. மணி அடித்ததும் நீ உன் வகுப்பில் இருக்க வேண்டும். சங்க வேலைக்காக ஒரு பீரியடைக்கூட எடுத்துக்கொள்ளாதே. நன்றாகப் பாடம் நடத்துகிற பிரதிநிதி பேசினால் அந்தப் பேச்சுக்குத் தனி எடை உண்டு. அதற்காக ராத்திரியெல்லாம் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். துணைக்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொள். எல்லாவற்றையும் நானே பார்க்கிறேன் என்று நான் இழுத்துப் போட்டுக்கொண்டதில் பல சாயங்காலங்கள் நீ சங்க அலுவலக மேஜைக்கு அடியிலேயே தூங்கிப்போயிருக்கிறாய். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

ஜன்னல் ஓரத்து ஆசிரியையைப் பற்றி எழுதினேனே, அவர் ஓய்வு பெற்றுவிட்டார். நீ பிரதிநிதியானதைச் சொன்னேன். உடனே உன் நம்பர் கேட்டார், கொடுத்துவிட்டேன். விசாரணை விஷயம் எது வந்தாலும் எந்த நேரமானாலும் கூப்பிடச் சொன்னார். மேல்முறையீட்டு மனுவில் எந்த வரி எங்கே வர வேண்டும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

மினிட்ஸ் புத்தகம் வாங்கிவிட்டாயா? பக்க எண் அச்சடித்ததாகப் பார்த்து வாங்கு. முதல் கூட்டம் முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லு.

அன்புடன்,
அம்மா