மரவள்ளங்களை விறகாக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில், கரையில் கவிழ்ந்து கிடந்த பழைய மரவள்ளம் ஒன்றின் படம் வந்திருந்தது. அந்த வள்ளத்தை எனக்குத் தெரியும். நேற்றுப் போய்ப் பார்த்தேன். முன்பக்கத்து அணியப் பலகை இரண்டு மட்டும் மிச்சம். மற்றதெல்லாம் யாருடைய அடுப்புக்கோ போய்விட்டது.

எனக்கு வயது 71. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1976 இல், சம்பளத்தில் மிச்சம் பிடித்து 18 அடி வள்ளம் ஒன்றை வாங்கினேன். அப்போதே அது பழசு. அதன் பிறகு இரண்டு வள்ளங்கள் வாங்கி விற்றிருக்கிறேன், இதை மட்டும் விற்க மனம் வரவில்லை.

அதைக் கட்டிய ஓடாவியிடமே, அதாவது வள்ளம் கட்டும் தச்சரிடமே, வேலையும் பழகினேன். ஞாயிறு தோறும் அவருக்குக் கைவேலைக்குப் போவேன். அவரிடம் வரைபடம் என்று எதுவும் கிடையாது. அடிமரமான ஏராவை வைத்ததும், பக்கப் பலகைகளைத் தாங்கும் விலா மரங்களான வங்குகளின் வளைவைக் கண்ணாலேயே அளந்துவிடுவார். தெருவில் நடந்து போகும்போது ஒரு வேம்பின் கீழே நின்று, "தம்பி, அந்தக் கொப்பைப் பார், அது ஒரு வங்கு" என்பார். தானாக வளைந்து வளர்ந்த கொப்பில் எடுத்த வங்குதான் தாங்கும். நேர்மரத்தை வளைவாக வெட்டினால் நார் அறுபட்டு, அலை அடிக்கும்போது அந்த இடத்திலேயே முறியும்.

பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து அடிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. இரண்டு பலகைக்கு நடுவே பஞ்சுத் திரியை வைத்து, உளியாலும் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலாலும் அடித்து இறக்க வேண்டும். குறைய அடித்தால் தண்ணீர் வரும், கூட அடித்தால் பலகை விலகும். போதும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சத்தத்தைக் கேள்" என்றார். முதலில் பொத்துப் பொத்தென்று கேட்கும். திரி இறுகியதும் டொக்கென்று ஒரு சத்தம், உளி பிடித்த கையிலும் அது தெரியும். அது பிடிபட எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. அதன் மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவோம்.

சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. வள்ளம் பனைகளுக்கு நடுவே காய்ந்து கிடந்தது. பலகைகளுக்கு இடையில் விரல் போகும். ஓடாவியும் அப்போது உயிரோடு இல்லை. ஒரு மாதம் ஈரச்சாக்குப் போட்டு ஊறவிட்டேன். பாதி இடைவெளி தானாகவே மூடியது. மீதியை நானே அடித்தேன். கூரை அதற்குப் பிறகுதான் போட்டோம், மனைவி தடுக்கவில்லை.

கண்ணாடியிழைப் படகுகள் மேல் எனக்குக் கோபமில்லை. பாரம் குறைவு, புழு அரிக்காது, தொழிலுக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. சரி. ஆனால் வேம்பையும் இலுப்பையையும் கொண்டு கப்பல் கட்டிய கரை இது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், நம் கடலோடிகளோடு 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. அந்தக் கைவேலை தெரிந்த ஓடாவிமார் எனக்குத் தெரிய இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கண் மங்கிவிட்டது.

தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டிங்கும் வயரிங்கும் படிப்பிக்கிறார்கள். அங்கேயே ஒரு கொட்டில் போட்டு, இந்த இருவரையும் சம்பளத்துக்கு அமர்த்தி, நாலு பிள்ளைகளுக்கு இதையும் பழக்கலாம். போன வருடம் ஓர் அலுவலகத்தில் இதை எழுதிக் கொடுத்தேன். "பழைய மரம்தானே ஐயா" என்றார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

யாரிடமாவது பழைய வள்ளம் இருந்து, வெட்ட நினைத்தால், வெட்டுவதற்கு முன் எனக்கு ஒரு சொல் அனுப்புங்கள். வரும் பங்குனியில் என் வள்ளத்தைக் கரையேற்றிக் கலப்பத்து அடிக்கப் போகிறேன். பழக விரும்பும் பிள்ளைகள் வரலாம். என்னிடம் உளியும் கொட்டாப்புளியும் இரண்டு சோடி இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
வடமராட்சி