அரையாண்டு விடுமுறையையொட்டிப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. புயல் எச்சரிக்கையால் விடுபட்ட பாடங்களைச் சனிக்கிழமைகளில் நடத்தி முடித்துவிட்டோம். வட்டாரக் கபடியிலும் கலைத் திருவிழாவிலும் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். எல்லோருக்கும் வாழ்த்துகள். விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் கிடைக்கும்.

இனி உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டிய ஒன்று. டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் நாளையொட்டி, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பால்வினை நோய்கள் பற்றி ஒரு வகுப்பு நடத்தினோம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமிக்கு அரசு பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகரும் வந்திருந்தார்கள். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகத்தான் நடந்தது. அன்றைக்குப் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. "வயசுப் பிள்ளைககிட்ட இதையெல்லாமா பேசுறது?" என்று நேரிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டீர்கள். உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. நானும் இந்தக் கடற்கரையில் பிள்ளை வளர்த்தவள்தான்.

பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் எழுதாமல் கேள்விகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லியிருந்தோம். எட்டாக மடித்து, ஓரத்தில் பசையும் ஒட்டிய ஒரு சீட்டில் இப்படி இருந்தது: "புண்ணு தானா ஆறிட்டா நோய் போயிருச்சுன்னு அர்த்தமா?" இல்லை என்று மருத்துவர் விளக்கினார். சிபிலிஸ் என்கிற மேகநோயில் வரும் புண் வலிக்காது, மருந்தில்லாமலே ஆறியும்விடும். ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். கர்ப்பிணிக்கு இருந்தால் வயிற்றுப் பிள்ளையையும் தாக்கும். பெனிசிலின் ஊசியில் குணமாகக்கூடிய நோய் இது. அந்தக் கேள்வியை யார், யாருக்காகக் கேட்டார்கள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் மாட்டோம்.

திருவிழாக் கடையில் பச்சை குத்திக்கொள்ளலாமா என்று இன்னொரு சீட்டு. ஒரே ஊசியைப் பலருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலை பி வைரஸும் எச்.ஐ.வி.யும் அதன் வழியே பரவக்கூடும். கையில் அம்மா பெயர் எழுதிக்கொள்ள ஆசைப்படுகிற பையனுக்கு இதை யார் சொல்வது?

இந்த நோய்கள் சாதி, தொழில், ஊர் பார்த்து வருவதில்லை. கொச்சிக்கும் மங்களூருக்கும் மீன்பிடி போட்டுக்குப் போகிற அப்பாக்களையோ, வளைகுடாவில் உழைக்கிறவர்களையோ யாரும் குறை சொல்லவில்லை. எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆணுறையை ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் எச்.ஐ.வி. உள்ளிட்ட பல தொற்றுகளின் ஆபத்து வெகுவாகக் குறையும். வெட்கப்பட்டு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவதும், பாதியில் நிறுத்துவதும் நோயை மறைக்குமே தவிர, தீர்க்காது. கணவர் மட்டும் மருந்து சாப்பிட்டு, மனைவியிடம் சொல்லாமல் இருந்தால் அதே தொற்று மனைவியிடமிருந்து மறுபடி அவருக்கே வரக்கூடும். பெண்களுக்கு அறிகுறியே இல்லாமல் இருந்து, பின்னாளில் குழந்தையில்லாமல் போகவும் இது காரணமாகலாம். அப்போதும் பழி அந்தப் பெண் தலையில்தான் விழுகிறது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்கிறீர்கள். யுனெஸ்கோ 2018ல் வெளியிட்ட வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, இத்தகைய கல்வி பிள்ளைகளைத் தவறான வழிக்கு அவசரப்படுத்துவதில்லை என்றே சொல்கிறது. நாம் சொல்லாவிட்டால் செல்போன் சொல்லும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். "அந்த நோய் இருக்கிற வீட்டுப் பிள்ளை யார், இடம் மாற்றி உட்கார வையுங்கள்" என்று சிலர் கேட்டீர்கள். அப்படி யாரேனும் இருக்கிறார்களா என்பதே நான் பேசக்கூடிய விஷயமல்ல. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, பள்ளியில் பாகுபாடு காட்டக் கூடாது, ஒருவர் நம்பிச் சொன்ன எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடவும் கூடாது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாலோ, ஒரே டம்ளரில் குடித்தாலோ, கொசு கடித்தாலோ எச்.ஐ.வி. வராது. வாட்ஸ்அப் குழுவில் எந்தக் குடும்பத்தைப் பற்றியும் இனி ஒரு வரி வரக் கூடாது. வந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பேன். இதில் எனக்குத் தயக்கமில்லை.

1986ல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். அன்றைக்கு மருந்தில்லை. இன்று அதைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. எச்.ஐ.வி. இருந்தும் அந்த மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிற தாய்க்குத் தொற்றில்லாத குழந்தையே பிறக்க வாய்ப்பு மிக அதிகம். நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். 1097 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

பொங்கல் விடுமுறைக்குப் பின், வராத பிள்ளைகளுக்காக அதே வகுப்பு மறுபடி நடக்கும். அதற்கு முந்தைய நாள் மாலை பெற்றோருக்கென்று தனியாக ஒரு கூட்டம் வைத்திருக்கிறோம். அம்மாக்களுக்குப் பெண் மருத்துவர் பதில் சொல்வார். ஒன்பது முதல் பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் அவரிடம் கேளுங்கள். இணைத்துள்ள சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

கோபத்தோடு வந்தாலும் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போன அத்தனை பேருக்கும் நன்றி. மறுநாளே மகளை அழைத்து வந்து, "நேத்து நடந்ததை இவளுக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்ற கடற்பாசி எடுக்கப் போகும் அம்மாவுக்கும், கூட்டத்துக்கு நாற்காலிகள் தருவதாகச் சொன்ன நாட்டுப்படகு உரிமையாளர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்