அம்மாவின் தக்காளிச் செடிகளை நிமிர்த்தியவர்களுக்கு

எங்கள் தெருவில் எல்லோருக்கும் வணக்கம்.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று மத்தியானம் ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், உப்புக் குறைவு என்றும் சொன்னார். என்ன நடந்தது என்று திரும்பவும் எழுதப் போவதில்லை. ஃபெஞ்சல் புயல் அன்று ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் தெருமுனையில் நின்றபோது, முழங்கால் தண்ணீரில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வந்தவர்கள் நீங்கள்தானே.

தூக்கியவர்களுக்கும், ரத்தம் கொடுத்த இரண்டு தம்பிகளுக்கும், நாள் தவறாமல் ஃபிளாஸ்கில் கஞ்சி கொடுத்தனுப்பிய மூன்றாம் வீட்டு அக்காவுக்கும், பூனைக்குச் சோறு வைத்த வாண்டுகளுக்கும், மோட்டார் ரூமில் தண்ணீர் ஏறாமல் மணல் மூட்டை அடுக்கியவர்களுக்கும் நன்றி. யார் அடுக்கியது என்று இன்னும் தெரியவில்லை. ஒவ்வொரு வீடாக நேரில் வந்து சொல்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்தது தக்காளிக்காக.

ஆமாம், தக்காளிதான். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

மொட்டைமாடியில் 14 பை வைத்திருக்கிறார் அம்மா. ஆவணியில் விதை போட்டு, புரட்டாசியில் நாற்றைப் பிடுங்கி நட்டது. ஏழு பையில் பி.கே.எம். 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த ரகம். குட்டைச் செடி, ஓர் உயரத்தோடு நின்று புதராகப் படர்ந்து காய்க்கும், பெரிய தொந்தரவு இல்லை. மீதி ஏழில் செர்ரி தக்காளி. அது எங்கே நிற்பது என்று தெரியாத ஜாதி. உயிர் இருக்கும்வரை உச்சி வளர்ந்துகொண்டே போகும். கார்த்திகை பிறந்தபோதே என் தலைக்கு மேலே போய்விட்டது. கொத்துக்கொத்தாய்க் காய், ஒன்றிரண்டு அப்போதுதான் மஞ்சளிக்க ஆரம்பித்திருந்தது.

புயல் அன்று எனக்கு மாடி ஞாபகமே இல்லை. நாலாம் நாள் துணி எடுக்க வந்தவள், தண்ணீர்த் தொட்டி மூடி கிடக்கிறதா பறந்துவிட்டதா என்று பார்க்க மேலே ஏறினேன். செடிகள் போயிருக்கும் என்று கடைசிப் படியில்தான் உறைத்தது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே கதவைத் தள்ளினால், செர்ரி ஏழும் நிற்கின்றன.

கிட்டப் போய்ப் பார்த்தேன். செடியைக் குச்சியோடு சேர்த்து நான் சுற்றியிருந்த கட்டுக்கம்பி ஒன்றுகூட இல்லை. அவசரத்தில் கையில் கிடைத்ததைச் சுற்றினேன் என்று இப்போது சொல்லலாம். உண்மையில் அம்மா வேண்டாம் என்று சொல்லியும் சுற்றினேன். இப்போது கம்பிக்குப் பதில், பூக்கட்டும் வாழை நார். ஒரு செடி முழங்கால் உயரத்தில் பாதி முறிந்திருந்தது. அந்த இடத்தில் நாலு பக்கமும் விளக்குமாற்று ஈர்க்கு வைத்து, அதன்மேல் நாரை வரிவரியாகச் சுற்றி, எலும்பு முறிந்த காலுக்குப் புத்தூர்க் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. முறிவுக்கு மேலே இலை ஒன்றுகூட வாடவில்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியில் நாலு நாளாக வராத அழுகை.

பக்கத்து அடுக்குமாடி வாட்ச்மேன் ஐயாதான் செய்திருக்கிறார். அவர்கள் மாடியில் தண்ணீர் வடிகிறதா என்று பார்க்கப் போனவர், எங்கள் செடிகள் தரையோடு கிடப்பதைப் பார்த்திருக்கிறார். மூன்றாம் வீட்டு அக்காவிடம் சாவி வாங்கி, நைட் டூட்டி முடிந்த காலையில், தூறலிலேயே ஏறிவிட்டார். இரண்டு காலை ஆனதாம்.

அவருக்குச் சோழவந்தான் பக்கம். வெற்றிலைக் கொடிக்காலில் சின்ன வயதிலிருந்து வேலை. அங்கே அகத்தியில் கொடியை ஏற்றி, ஜாண் வளர வளர நாரால் அணைத்துக் கட்டிக்கொண்டே போக வேண்டும். பதினைந்து இருபது நாளைக்கு ஒரு தரம் அதே வேலை. ஆறு வருஷமாக அவர் நாற்காலியைத் தாண்டிப் போகிறேன். “கேட் ப்ளீஸ்” தவிர வேறொன்றும் பேசியதில்லை.

“கொடிக்கும் கழுத்து இருக்கு தாயி. கம்பியப் போட்டு நெரிச்சா எப்பிடி? இடுப்புல கை போட்டுப் புடிக்கிற மாதிரி புடிக்கணும்” என்றார். அறுத்தெடுத்த கம்பியைக் காட்டினார். இரண்டு தண்டில் அது பதிந்து தோல் வெட்டியிருந்தது.

எனக்கும் கட்டக் கற்றுக்கொடுத்தார். நாரை முதலில் தண்ணீரில் நனைக்க வேண்டும், காய்ந்த நார் ஒடியும். குச்சியில் ஒரு சுற்று இறுக்கம். பிறகு குறுக்கே ஒரு முறுக்கு, எட்டு எழுதுகிற மாதிரி. தண்டுப் பக்கம் வளையம் தொளதொள என்று, ஒரு விரல் உள்ளே போய் வர வேண்டும். நாளைக்குத் தண்டு பருக்கும் இல்லையா. கட்டு விழும் இடம் இலைக்கணுவுக்கு நேர் கீழே. காய்க்கொத்துக்குக் கீழே கட்டினால், காய் கனக்கும்போது காம்பு கட்டின்மேல் மடிந்து ஒடிந்துவிடும். என் முதல் மூன்று கட்டையும் அவிழ்த்துவிட்டார். நாலாவதைப் பார்த்து “ம்” என்றார்.

குச்சி ஏன் சாய்ந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. பைக்குள் பாதிக்கு மேல் தேங்காய்நார்க் கழிவு. அதில் எத்தனை ஆழம் ஊன்றினாலும் பிடிப்பு கிடையாது. காற்று வந்தால் குச்சி, பை, செடி மூன்றும் ஒன்றாக விழும். ஐயா கைப்பிடிச்சுவர் ஓரமாக இரண்டு பில்லர் கம்பிக்கு நடுவில் நைலான் கயிறு இழுத்து, ஏழு சவுக்குக் குச்சியின் தலையையும் அதில் பிணைத்துவிட்டார். மேல்மாடி எடுக்கும்போது தேவைப்படும் என்று அப்பா விட்டுவைத்த கம்பிகள் அவை. அந்த மேல்மாடி இனி வரப்போவதில்லை. கம்பிக்கு ஒரு வேலை கிடைத்தது.

வேரோடு பெயர்ந்த செடி ஒன்றைச் சற்றுச் சாய்த்துப் புதைத்து, அடித்தண்டில் ஒரு முழம் மண்ணுக்குள் போகும்படி அணைத்திருந்தார். தக்காளித் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும். அது இப்போது மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை, ஆனால் கரும்பச்சை.

நார் கொடுத்தது பிள்ளையார் கோயில் முனையில் பூக்கட்டும் அம்மா. மழையில் நாலு நாள் வியாபாரமே இல்லை, நார்க்கட்டு அப்படியே கிடந்தது, எடுத்துப் போ என்றாராம். காசு வாங்கவில்லை. வியாபாரம் இல்லாத வாரத்தில் கொடுத்த நார் அது.

ஐயாவும் வாங்கவில்லை. நான் நீட்டிய நோட்டைப் பார்த்துவிட்டு, “அந்தக் குட்டித் தக்காளி இனிக்குமாமே, நெசமா?” என்று மட்டும் கேட்டார். முதல் கொத்து பழுத்ததும் அவர் நாற்காலிக்குத்தான் வரும். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

இனிமேல் எங்கள் மாடியில் கட்டுக்கம்பி ஏறாது. அடுத்த நடவில் நாற்று வைக்கிற அன்றைக்கே குச்சியும் ஊன்றிவிடுவேன். வேர் ஓடிய பிறகு குத்தினால் வேர்தான் அறுபடும். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் நாரோடு மேலே ஏறுவேன். தெருவில் யார் வீட்டுச் செடி சாய்ந்தாலும் கூப்பிடுங்கள், வந்து கட்டித் தருகிறேன். ஐயா அளவுக்கு வராது.

அம்மா இன்னும் ஒரு மாதத்துக்கு மாடிப்படி ஏறக் கூடாது. அதனால் ஏழு செடியையும் போனில் வீடியோ எடுத்துக் காட்டினேன். ஈர்க்கு வைத்துக் கட்டிய இடத்தில் நிறுத்தச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “மூணாவது பையில பக்கக் கிளை ரெண்டு வந்திருக்கு, கிள்ளலையா நீ?” என்றார்.

கிள்ளிவிட்டேன்.

பச்சை கேட் வீட்டு மகள்