எட்டாம் வகுப்பு நோட்டில் இருக்கும் பத்து இலக்க எண் பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். 4294967297. போன திங்கள்கிழமை முதல் உங்கள் பிள்ளைகளின் கணக்கு நோட்டில் இருப்பது யாருடைய செல் நம்பரும் இல்லை. ஓர் அம்மா நேரிலேயே வந்து கேட்டுவிட்டார். பத்து இலக்கம், சந்தேகம் நியாயம்தான்.

2-ஐ 32 முறை பெருக்கி, வரும் விடையோடு 1 கூட்டினால் கிடைக்கும் எண் அது. படித்தால் நானூற்று இருபத்தொன்பது கோடிக்கு மேல். இது பகா எண்ணா (1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்), இல்லையா? பிள்ளைகளிடம் கேட்டிருப்பது இவ்வளவுதான்.

விடை இதிலேயே இருப்பதால்தான் இந்தக் கடிதத்தைப் பையில் வைத்து அனுப்பாமல் உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். தயவுசெய்து வெள்ளிக்கிழமை வரை சொல்லிவிடாதீர்கள்.

1640 வாக்கில் பிரான்சு நாட்டுக் கணித மேதை ஃபெர்மா இதைப் பகா எண் என்றே நம்பினார். 32-க்குப் பதில் 1, 2, 4, 8, 16 முறை 2-ஐப் பெருக்கி 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார். அவ்வளவு பெரிய மேதை! 1732-இல், 25 வயதுக் கணித அறிஞர் ஆய்லர் இது 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று கண்டுபிடித்தார்.

2, 3, 5, 7 என்று பகா எண்களாக வகுத்துக்கொண்டே போனால் 115 தடவை தோற்று, 116-ஆவது தடவைதான் 641 வரும். ஒரு மாணவி 337 வரை வந்துவிட்டாள். ஆய்லர் பின்னால் காட்டிய வழியில் போனால் வேலை சுருங்கிவிடும்: இந்த எண்ணின் காரணியை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்து 641. ஐந்தாவது முயற்சியிலேயே முடிந்துவிடும். இதை வெள்ளிக்கிழமை வகுப்பில் நானே சொல்லித்தரப் போகிறேன். அந்தச் சந்தோஷத்தை எனக்கு விட்டுவையுங்கள்.

"போனில் தட்டினால் ஒரு நொடியில் வருமே, எதற்கு இந்தப் பாடு?" என்று சில அப்பாக்கள் கேட்டார்கள். சரிதான். ஆனால் 641-ஆல் கையால் வகுத்துப் பாருங்கள். 4294-இல் 6 தடவை, மீதி 448. 9-ஐ இறக்கினால் 4489. 7 தடவை, மீதி வெறும் 2. அடுத்து 6-ஐ இறக்கினால் 26, போகாது. 7-ஐ இறக்கினால் 267, அதுவும் போகாது. ஈவில் இரண்டு பூஜ்ஜியம் போட்டாக வேண்டிய இடம் இது. எட்டாம் வகுப்பிலும் பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 6700417 வர வேண்டிய இடத்தில் 67417 என்று எழுதிவைப்பார்கள். நான் இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததே இந்த இரண்டு பூஜ்ஜியத்துக்காகத்தான்.

ஆகவே, ராத்திரி வகுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒன்பது மணிக்குப் படுக்கச் சொல்லுங்கள், போனை மட்டும் கொடுக்காதீர்கள். நோட்டு தீர்ந்துவிட்டது என்றால் புதிதாக வாங்க வேண்டாம். ஒருபக்கம் மட்டும் அச்சடித்த பழைய தாள்கள் என் அறையில் கட்டுக்கட்டாக இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை