பெருங்காயத்துல என்ன இருக்கு, அண்ணாச்சி?

திருநெல்வேலிச் சீமைத் தவசுப்பிள்ளை அண்ணாச்சிமாருக்கும், டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர்ப் பக்கமெல்லாம் ஓட்டலும் மெஸ்ஸும் நடத்துகிற முதலாளிமாருக்கும் வணக்கம்.

உங்கள் கைச்சோறு சாப்பிட்டு வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் காதுகுத்து முதல் பதினாறாம் நாள் வரைக்கும் உங்களில் யாராவது ஒருவர் வந்துதான் அடுப்பு மூட்டியிருக்கிறீர்கள். அதனால் இதைப் புகார் மனு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுப் பிள்ளை ஆக்குப்புரைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி மாதிரியான தானியங்களில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால், கிருமியை எதிர்க்க வேண்டிய என் உடம்பின் எதிர்ப்புச் சக்தி என் சிறுகுடலையே தாக்க ஆரம்பித்துவிடும். குடலின் உட்புறம் சத்தை உறிஞ்சுவதற்காகப் பொடிப்பொடியாக விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை மழுங்கிப் போகும். அப்புறம் என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாது. 39 வயது வரை இது தெரியாமல் வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், ரத்தசோகை என்று அலைந்தேன். இரும்புச்சத்து மாத்திரை எத்தனை அட்டை விழுங்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கடைசியில் ஒரு டாக்டருக்குச் சந்தேகம் வந்து, ரத்தத்தைச் சோதித்து, எண்டோஸ்கோபி விட்டு, குடலில் துளி சதை எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். இந்த நோய் கோதுமை அதிகம் சாப்பிடும் வடக்கே கூடுதல், நம் பக்கம் குறைவு. யாருக்கும் சட்டென்று ஞாபகம் வராததில் ஆச்சரியமில்லை. இதற்கு மாத்திரை மருந்து கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டனைத் தொடக் கூடாது, அவ்வளவுதான் வைத்தியம்.

சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்துக் கிண்டுகிற அல்வாவின் ஊரில் பிறந்தவளுக்கு இப்படி ஒரு வியாதி. "ஊரே மைனிக்கு அல்வா குடுத்துட்டு" என்று என் கொழுந்தன் இன்றைக்கும் கேலி பண்ணுவார்.

ஆனால் உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குப் பெரிய கவலை இருக்கவில்லை. புரோட்டா போச்சு, பூரி போச்சு, ரவை உப்புமா போச்சு, சரி. இட்லி இருக்கிறது, இடியாப்பம் இருக்கிறது, உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் இருக்கிறது. நெல்லே பேரில் இருக்கிற ஊரில் அரிசி தின்று பிழைக்க முடியாதா என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு ஒரு கல்யாணப் பந்தியில் உடைந்தது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், பாளையங்கோட்டையில். அப்பளம் வேண்டாம், சேமியா பாயசம் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, சாம்பார் வாளி வந்தபோது பரிமாறின தம்பியிடம் கேட்டேன், "இதுல கோதுமை எதுவும் இருக்கா?" தம்பி உள்ளே போய் கேட்டுவிட்டு வந்தது. "சாம்பார்ல யாராவது கோதுமை போடுவாங்களாக்கா? நல்லாச் சாப்பிடுங்க" என்றது. சாம்பார், ரசம், அவியல், மோர் எல்லாம் திருப்தியாகச் சாப்பிட்டேன். அன்று ராத்திரி தொடங்கியது. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

அடுத்த மாதமே இன்னொரு கல்யாணம். சமையல் அதே அண்ணாச்சி. முதல் நாள் ராத்திரி, காய் நறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஆக்குப்புரைக்குப் போய் நின்றேன். வாங்க தாயி என்று ஸ்டூல் போட்டு, கடுங்காப்பி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "நான் முப்பது வருசமா கரண்டி பிடிக்கேன், கோதுமைய எங்க போடப் போறேன்" என்று பலசரக்குச் சாமான் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். துவரம்பருப்பு, வத்தல், மல்லி, வெந்தயம். கடைசியாகப் பெருங்காய டப்பா. பொருள் பட்டியல் இங்கிலீஷில் எறும்பு சைசில் அச்சடித்திருந்தது. அவர் கண்ணாடியையே வாங்கிப் போட்டுக்கொண்டு, டியூப் லைட்டுக்கு அடியில் டப்பாவைச் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். கோதுமை மாவு, கருவேலம் பிசின் வகைக் கோந்து, அதற்கும் பிறகுதான் பெருங்காயம்.

"மாவா?" என்றார் அண்ணாச்சி. டப்பாவை வாங்கி மோந்து பார்த்தார். "மாவையா நான் இத்தனை வருசம் காயம்னு போட்டேன்?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெருங்காயம் என்பது ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் விளைகிற ஒரு செடியின் வேர்ப்பக்கம் கீறி எடுக்கிற பால். அதை அப்படியே கிள்ளிப் போட்டால் குழம்பு நாறிவிடும், அவ்வளவு வீரியம். அதனால் மாவும் கோந்தும் சேர்த்துத்தான் கடைக்கு வருகிறது. கூட்டுப் பெருங்காயத்தில் மாவோ ஸ்டார்ச்சோ சேர்க்க நம் நாட்டு உணவு விதியே இடம் கொடுக்கிறது. தூள், கட்டி இரண்டும் இப்படித்தான். சில கம்பெனிகள் அரிசி மாவு சேர்க்கின்றன, பல கம்பெனிகள் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கின்றன. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். இப்போது நம் இலையை நினைத்துப் பாருங்கள். சாம்பார், ரசம், மோர்க்குழம்பு, வடை, ஊறுகாய், மோர் மிளகாய், இட்லிப் பொடி. காயம் படாத வெஞ்சனம் எது?

ஒரு சிட்டிகை காயத்தில் இருக்கிற மாவு என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். சர்க்கரை நோய்க்காரர் ஒரு லட்டைப் பாதியாகப் பிட்டுத் தின்னலாம். எனக்கு அந்தப் பாதி கிடையாது. 'குளூட்டன் இல்லாதது' என்று பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது விதி. தூள் உப்பு ஒரு சிட்டிகை எடுத்து அதைப் பத்தாகப் பிரித்தால் ஒரு பங்கு வருமே, ஏறக்குறைய அவ்வளவுதான்.

சரி, அந்தக் கல்யாணத்தில் அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சாம்பார் அண்டாவில் காயம் விழுவதற்கு முன்னால் ஒரு தூக்குவாளியில் கொஞ்சம் எடுத்து மூடி ஓரமாக வைத்தார். ரசத்துக்கும் அப்படியே. இன்னொரு கரண்டியைக் கழுவி அந்த வாளியோடு கட்டிவிட்டார், யாரும் எடுத்து அண்டாவில் விட்டுவிடக் கூடாது என்று. அந்தச் சாம்பாருக்குப் பிறகு வெளியிடத்தில் நான் பயமில்லாமல் சாப்பிட்ட முதல் பந்தி அது.

உங்களுக்கு இது புதிய வித்தை இல்லை என்பதால்தான் இந்த மடல். சஷ்டிக்காரருக்கு வெங்காயம் பூண்டு இல்லாமல் தனியாகத் தாளிக்கிறீர்கள். கறி கிண்டின அகப்பையைச் சைவப் பாத்திரத்துப் பக்கமே விடமாட்டீர்கள். அதே சுத்தம்தான் நான் கேட்பதும். ஓட்டல் முதலாளிமாருக்கு மட்டும் ஒன்று கூடுதல்: புரோட்டா போட்ட கல்லிலேயே தோசை வார்த்தால் அந்தத் தோசை எனக்கு ஆகாது. வேறு கல் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், நான் இட்லியும் எண்ணெயும் வாங்கிக்கொள்கிறேன். பொடி என் கைப்பையில் இருக்கும்.

அந்த "இல்லை"தான் எனக்கு முக்கியம். தனியாகச் சமையுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நிஜமான பதில் வேண்டும். "ஒண்ணும் செய்யாது, சாப்பிடுங்க" என்று நீங்கள் சொல்வது பாசத்தில்தான், தெரியும். ஆனால் என்னை அதிகம் படுக்க வைத்தது அந்தப் பாசம்தான்.

என் அக்கா மகனுக்குப் பால் ஆகாது. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கிற என்சைம் வளர வளரக் குறைந்துபோவது நம்மில் ரொம்பப் பேருக்கு உண்டு. அவனுக்கு வயிறு உப்பும், கடமுடாவென்று சத்தம் போடும், கழிந்துவிட்டால் சரியாகிவிடும். தயிரும் மோரும் ஓரளவு தாங்குகிறான், ஏனென்றால் புளிக்கும்போது அந்தச் சர்க்கரை கொஞ்சம் கரைந்துவிடுகிறது. அவன் எந்த டீக்கடையிலும் விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லை. "ஒரு கடுங்காப்பி" என்றால் போதும், ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. "சீனி கம்மி" என்றாலும் அப்படித்தான். அதற்கெல்லாம் ஊரில் பேர் இருக்கிறது. என் சாப்பாட்டுக்கு இன்னும் பேர் வரவில்லை. அதனால் ஒவ்வொரு இடத்திலும் குடல் கதையை ஆதியோடந்தமாக எடுத்துவிட வேண்டியிருக்கிறது, சாப்பிட உட்கார்ந்த நாலு பேர் முன்னால்.

என் நோயும் அக்கா மகனின் தொந்தரவும் ஒன்றில்லை, மூன்றாவதாக அலர்ஜி என்று ஒன்றும் இருக்கிறது. நிலக்கடலையோ இறாலோ அலர்ஜி உள்ளவருக்குத் தொண்டை வீங்கி மூச்சு முட்டிவிடலாம், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். யாராவது "கடலை இருக்கா" என்று கேட்டால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் உங்களை அவ்வளவாகத் தொடவில்லை. 2020-ஆம் வருட லேபிள் விதிகளின்படி பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, கடலை, முந்திரி பாதாம் வகைக் கொட்டைகள், சோயா இருந்தால் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து கிளைக்குக் குறையாத பெரிய ஓட்டல்களுக்கும் இதைச் சொல்லும் பொறுப்பு உண்டு. தெருமுனை மெஸ்ஸும் கல்யாண ஆக்குப்புரையும் அந்தக் கணக்கில் வராது. அங்கே உங்கள் வாய்ச்சொல்தான் லேபிள்.

மாவு மில் வைத்திருப்பவர்களுக்கும் இடையில் ஒரு வார்த்தை. கோதுமை திரித்த மெஷினிலேயே என் பச்சரிசியும் விழுகிறது. காலையில் முதல் ஆளாகப் போனாலும் முந்தின நாள் மாவு உள்ளே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். கொஞ்ச நாள் முதல் அரைக்கிலோ மாவைக் கோலத்துக்கு ஒதுக்கிப் பார்த்தேன். என் வாசல்தான் வெளுத்தது, வயிறு சரியாகவில்லை. இப்போது வீட்டிலேயே சின்ன மெஷின் வாங்கிவிட்டேன். எல்லோராலும் வாங்க முடியாது. அரிசிக்கென்று ஒரு மெஷினைத் தனியாக ஒதுக்க முடிந்தால் புண்ணியமாகப் போகும்.

இதைப் படித்துவிட்டு "எனக்கும் வயிறு சரியில்லை, நாளையிலிருந்து கோதுமையை நிறுத்திவிடுகிறேன்" என்று யாராவது கிளம்பினால், தயவுசெய்து முதலில் டாக்டரைப் பாருங்கள். கோதுமையை நிறுத்திய பிறகு சோதித்தால், சீலியாக் இருந்தாலும் ரத்தத்தில் தெரியாமல் போகலாம்.

வருகிற தை மாதம் எங்கள் வீட்டிலேயே கல்யாணம், மூத்தவளுக்கு. முகூர்த்தச் சாப்பாட்டுக்கு இன்னும் யாரிடமும் பேசவில்லை. மறுவீட்டுச் சொதியைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது. மூன்று தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கடைசியில் எலுமிச்சை. எங்கள் வீட்டுச் சொதியில் காயமும் இல்லை, பசும்பாலும் இல்லை. நானும் அக்கா மகனும் ஒரே இலையிலிருந்து அள்ளிச் சாப்பிடலாம். முகூர்த்தப் பந்திதான் பாக்கி. உங்களில் யார் வந்தாலும் சரி, பலசரக்கு லிஸ்ட் எழுத உட்காரும்போது பெருங்காயம் என்ற வரியில் மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள் அண்ணாச்சி, டப்பாவை நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து உங்கள் தங்கச்சி